காசு கொடுத்து லயத்தில் தூங்கப் போகிறோம்

பெப்ரவரி 3, 2024, சனி. கண்டி

மலையில் ஒரு குடிலில் இரண்டு இரவு தங்கப் போகிறோம் என்று அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். என்ன குடில் என்றார். ஒஹியாவுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஆள் போய்விட்ட பழைய லயம் ஒன்றை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டை, திருத்தி மலையேறுகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, “லயத்தை விட்டு வெளியே வர எனக்கு முப்பது வருடம் ஆனது. நீ காசு கொடுத்து உள்ளே போகிறாயா?” என்றார்.

பதில் தெரியாத இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நானோ விலையைச் சொன்னேன். ஓர் இரவுக்கு ஆளுக்கு 2,500 ரூபா. தோட்டத்தில் இன்றைக்கு ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபா. அம்மா கணக்கில் கெட்டிக்காரர். “இரண்டரைப் பேர்” என்றார் உடனே. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப் பேர். இரண்டரை நாள் மலையில் நின்றால் கிடைக்கும் கூலிக்கு ஒரு இரவுத் தூக்கம். நானும் அந்தக் கணக்கைப் போட்டிருந்தேன். சத்தமாகப் போடவில்லை, அவ்வளவுதான்.

போவதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. மகளுக்குப் பதினான்கு வயது. கண்டியில் பிறந்து வளர்ந்தவள். நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து மலைக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்துப் போன வருடம் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள் அல்லவா, அப்போது பாடசாலையில் கட்டுரை எழுதினாள். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, 10 அடிக்கு 12 அடி காம்பரா என்று எழுதிவிட்டு, வரவேற்பறையில் அளவு நாடாவை விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். “அம்மா, நீ பிறந்த காம்பராவைக் காட்டு” என்றாள். பொகவந்தலாவைப் பக்கத்து அந்த லயத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். இடிக்காத ஒன்றைக் காட்டலாம் என்று தேடியபோதுதான் இந்தக் குடில் அகப்பட்டது.

எப்போது போவது என்பதில்தான் முதல் வாரம் கழிந்தது. அந்த மலை இரண்டு பருவக் காற்றுக்கும் நடுவில் நிற்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று பட்டிப்பொலப் பக்கத்தை நனைத்தெடுக்கும். ரயில் சுரங்கத்தைத் தாண்டி ஒஹியாவில் தலையை நீட்டினால் வெயில் அடிக்கும். வருடக் கடைசியில் வடகீழ்க் காற்று ஊவாப் பக்கம் தன் முறையை எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஓய்ந்திருப்பது ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான். ஆனால் வானம் தெளிந்தால் இரவில் குளிர் இறங்கிவிடும், சில விடியல்களில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். லயத்தில் மச்சு ஏது, தகரம்தான்.

23ஆம் திகதி வெள்ளி, நவம் போயா, பௌர்ணமி விடுமுறை. சனி ஞாயிறு சேர்த்தால் மூன்று நாள், நிலவும் இருக்கும். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான திட்டம் என்று நினைத்துக்கொண்டு ரயிலுக்கு ஆசனம் பதியப் போனேன். நாடு முழுவதும் அதே கெட்டிக்காரத்தனத்துடன் எனக்கு முன்பே போயிருந்தது. மூன்றாம் வகுப்பு, பதிவில்லாத பெட்டி, நின்றபடி.

பெப்ரவரி 14, புதன். கண்டி

குடிலைப் பார்த்துக்கொள்பவர் ஒரு பெரியவர். குடிலில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. மாலை ஆறு மணிக்கு அவர் பின்னால் உள்ள பாறையில் ஏறி நிற்பார், அப்போது செய்திகள் வந்து விழும், பதில் அனுப்பிவிட்டு இறங்குவார். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, ஒரு பதில். அவசரப்படுகிறவர்கள் இந்த இடத்துக்கு வர முடியாதபடி யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு போல இருந்தது.

திங்கள் கேட்டேன்: மூன்று பேருக்குப் படுக்கை உண்டா? செவ்வாய் பதில்: உண்டு, போர்வை கொண்டு வரவும். புதன் கேட்டேன்: கழிவறை எங்கே? வியாழன்: வெளியே. எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு வெள்ளிக்கிழமை வந்த பதிலைத் தம்பி இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்: “புலி வராத தூரம்.” தோட்டத்து ஆட்கள் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வார்கள். ஹோட்டன் சமவெளிக் காட்டில் சிறுத்தை இருப்பது ஊரறிந்த செய்தி.

நான் பாடசாலை ஆசிரியை. நேர அட்டவணை இல்லாமல் என்னால் தேநீர்கூடக் குடிக்க முடியாது. மூன்று நாளுக்கும் மணிவாரியாக ஒரு தாள் தயாரித்தேன். அதைப் பார்த்த தம்பி எனக்குப் ‘பெரிய கங்காணி’ என்று பெயர் வைத்துவிட்டான். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் அணிவகுப்புக்கு, வராவிட்டால் அரைப் பேர்தானா என்று கேட்கிறான். கேட்கட்டும். மலையில் சிக்கிக்கொண்டவர்களின் கதைகளை விசாரித்துப் பாருங்கள், பாதி “அப்படியே போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினோம்” என்றுதான் தொடங்கும்.

சுமைதான் பெரிய கேள்வி. நிலையத்திலிருந்து ஏற்றத்தில் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். ஆளுக்கு 8 கிலோவுக்கு மேல் கூடாது என்று முடிவு செய்து சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். கோதுமை மா 2 கிலோ, அரிசி ஒன்றரை, மைசூர்ப் பருப்பு அரை கிலோ, நெத்தலி கால் கிலோ, மாசிக் கருவாடு ஒரு பொட்டலம், வெங்காயம், கொச்சிக்காய், இஞ்சி, தேயிலை, சீனி. தேங்காய் ஒஹியாக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

கடலை வேண்டும் என்றாள் மகள். வேண்டாம் என்றேன். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை என்று கணக்கு. குடில் 1,900 மீற்றர் அளவில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகையை ஒட்டிக் கொதிக்கும். எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. கடலை வேகுமுன் நமக்குப் பசி போய்விடும். மைசூர்ப் பருப்பு பரவாயில்லை. இதைப் பெருமையாக அம்மாவிடம் விளக்கியபோது, “மேட்டு லயத்தில் பருப்பு வேக நேரமெடுக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? அதற்குத்தான் இரவே ஊறப்போடுவோம்” என்றார்.

சமைக்க ஒரு சிறிய எரிவாயு அடுப்பை உடன் வேலை செய்யும் ஆசிரியர் ஒருவர் இரவல் தந்தார். கைக்குள் அடங்குகிறது. 90 கிராம்! அதற்கான குப்பியைக் கடையில் வாங்கிவிட்டேன்.

பெப்ரவரி 22, வியாழன். ஹட்டன்

மாலை பஸ்ஸில் ஹட்டன் வந்து சேர்ந்தோம். அம்மா தம்பியுடன்தான் இருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் பைகளைத் திறந்து பார்க்கச் சொன்னார். சொன்னது மட்டுமா, அவரே திறந்தார்.

வெயில் தடுப்புக் களிம்பை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். அட்டைக்கு என்ன கொண்டு போகிறாய் என்றார். அதற்கென்று விற்கும் காலுறைகளைக் காட்டினேன். ஒரு கட்டி சவர்க்காரத்தை எடுத்துப் போட்டார். காலில் ஈரமாகத் தேய்த்துக் காயவிட்டால் அட்டை ஏறாதாம். மாசியில் அட்டை குறைவு, ஆனால் காட்டு ஓரத்து ஈரத்தில் எப்போதும் இருக்கும் என்றார். பிறகு உள்ளே போய் ஒரு கறுப்புக் கம்பளியைக் கொண்டு வந்தார். மழையில் கொழுந்து பறிக்கும்போது போர்த்திக்கொள்வார்களே, அது. நிறுத்துப் பார்த்தேன். 2 கிலோ 300 கிராம்.

“அம்மா, ஆளுக்கு 8 கிலோதான் கணக்கு.”

“நான் 18 கிலோ கொழுந்தைத் தலையில் கயிறு போட்டுச் சுமந்து மலையேறி இறங்கினேன். உன் அப்பா கள்ளுக்கடையில் இருந்தார். எட்டுக் கிலோவாம்!”

கம்பளி பைக்குள் போனது. அடியில் வேறு ஏதோ இடித்தது. இழுத்துப் பார்த்தால் ஊதுகுழல். இரும்புக் குழாய், ஒரு முழம், அடுப்பு ஊதுவது. எனக்கு உண்மையில் சிரிப்பு வந்துவிட்டது. எரிவாயு அடுப்புக்கு ஊதுகுழல் எதற்கு? அம்மா உறங்கப் போனதும் அதை எடுத்துக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். 400 கிராம் மிச்சம்.

பெப்ரவரி 23, வெள்ளி, முதல் நாள். ஒஹியாவுக்கு மேலே

(சிக்னல் இல்லை. நோட்டில் எழுதுகிறேன், பிறகு ஏற்றுவேன்.)

தாளின்படி 11 மணிக்குப் பிறகு ரயில். வந்தது 12.40க்கு. ஏறினோம் என்று சொல்ல முடியாது, உள்ளே திணிக்கப்பட்டோம். தலவாக்கலை, கிரேட் வெஸ்டர்ன், நானுஓயா வரை நான் பார்த்த காட்சி ஒரு இளைஞரின் முதுகுப்பை. நானுஓயாவில் நுவரெலியாவுக்குப் போகிற கூட்டம் இறங்கியது, மூச்சு விட்டோம்.

இந்தப் பாதை நானுஓயா வரை வந்தது 1885இல். அங்கிருந்து அப்புத்தளைக்குப் போக இன்னும் எட்டு வருடம் எடுத்திருக்கிறார்கள். எதனால் என்பதை ஜன்னலுக்கு வெளியே பார்த்தாலே புரியும். பட்டிப்பொல நிலையம் 1,891 மீற்றரில் இருக்கிறது, நாட்டிலேயே உயரமான நிலையம். அதைத் தாண்டி உச்சிப் புள்ளி, 1,898 மீற்றர் என்று பலகை. உடனே சுரங்கம். மத்திய மாகாணத்தில் நுழைந்து ஊவாவில் வெளியே வருகிறோம். சுரங்கத்துக்கு முன்னால் சாம்பல் நிற மூட்டம். வெளியே வந்ததும் தங்கம் உருக்கி ஊற்றியது போல வெயில் என்று எழுதத்தான் வந்தேன்; இன்று இந்தப் பக்கமும் மூட்டம்தான். எல்லா நாளும் வித்தை காட்டுவதற்கு அது என்ன கண்காட்சியா?

ஒஹியாவில் இறங்கும்போது மணி நான்கு. சின்ன நிலையம், சாலையோரம் சில கடைகள். தேங்காய் மூன்று வாங்கினோம். கடைக்காரர் தேநீர் ஊற்றிக்கொண்டே மேலே பார்த்து, ஆறரைக்குள் இருட்டிவிடும், பேசாமல் நடங்கள் என்றார்.

பேசாமல்தான் நடந்தோம், பேச மூச்சு இல்லை. தேயிலைக்குள் போகும் கொங்கிரீட் சாலை, பிறகு கல் சாலை, பிறகு கான் எனும் வடிகால் ஓரமாக ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் மானாப்புல். மகள் முன்னால் போய்விட்டாள். தம்பி நின்று நின்று வந்தான். என் தாளைக் கேட்டு வாங்கி, ‘5.00, குடிலில் தேநீர்’ என்ற வரியைச் சத்தமாக வாசித்தான். அப்போது 5.40.

கடைசி வளைவில் டோர்ச் வெளிச்சம் ஒன்று அசையாமல் நின்றது. பெரியவர் எங்களைத் தேடி இறங்கி வந்திருக்கிறார். பையை வாங்கிக்கொண்டார். முதல் கேள்வி, “எந்தத் தோட்டம்?”

மலையகத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தால் கேட்கும் முதல் கேள்வி அதுதான். இருபது வருடமாக இதற்கு நான் ‘கண்டி’ என்று சொல்லி வருகிறேன். பொய் இல்லை, வீடு அங்கேதான். இன்று என்னவோ, மூச்சு வாங்கியதாலோ என்னவோ, தோட்டத்தின் பெயர் வாயில் வந்துவிட்டது. “மேட்டு லயமா, பணிய லயமா?” என்றார். மேட்டு லயம் என்றேன். அதற்குள் நாங்கள் அவருக்குத் தங்கச்சியும் தம்பியும் ஆகிவிட்டோம், அவர் அண்ணன்.

குடில் இதுதான்: ஆறு காம்பரா லயத்தில் மூன்றைத் திருத்தியிருக்கிறார்கள், மூன்று அப்படியே பூட்டிக் கிடக்கிறது. எங்களுடையதில் இரண்டு காம்பராவின் நடுச்சுவரை உடைத்து, மாடிக் கட்டில் நான்கு போட்டிருக்கிறார்கள். சூரியச் சக்தியில் ஒரு விளக்கு. இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், ஒரு நீண்ட பலகை. பீலித் தண்ணீர் காட்டிலிருந்து குழாய் வழியாக முற்றத்துக்கு வருகிறது. சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்தும் மூலையில் கரி மேலெழுந்து தெரிகிறது. அந்த மூலையில் அடுப்பு, பழைய மண் அடுப்பு, பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

மகள் கால் அடி எடுத்து வைத்து அறையை அளந்தாள். ஒரு காம்பராவில் எத்தனை பேர் இருந்தீர்கள் என்றாள். ஏழு என்றேன். நான்கு கட்டிலையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது என் அடுப்பின் கதை. 90 கிராம் அடுப்பின் வாய்க்குத் திருகுமரை. நான் வாங்கிய குப்பிக்கோ திருகு இல்லை, அழுத்திப் பூட்டுவது. வீட்டில் ஒருமுறை பொருத்திப் பார்க்கவில்லை. அரிசியைக் கிராமில் நிறுத்தவள், மாசிக்குத் தனிப் பொட்டலம் கட்டியவள், இரண்டு பொருளையும் சேர்த்து ஒரு திருகு திருகிப் பார்க்கவில்லை! தம்பி சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டது அதைவிட மோசமாக இருந்தது.

“அடுப்பு இருக்கிறதே” என்றார் அண்ணன், மூலையைக் காட்டி. பார்வைக்கு வைத்த அடுப்பு வேலைக்கு வந்தது. விறகில் ஈரம். புகை முதலில் காம்பராவை நிரப்பியது, பிறகு எங்களை. ஊதினேன், ஊதினேன், தலை சுற்றியது. “ஊதுகுழல் கொண்டு வரவில்லையா?” என்று கேட்டார் அவர், ஏதோ எல்லோரும் கொண்டு வருவது போல. ஹட்டனில் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வது? அவர் போய் ஒரு துண்டுத் தண்ணீர்க் குழாயை எடுத்து வந்தார்.

ரொட்டி, இடித்த சம்பல், நெத்தலி வதக்கல். பருப்பு ஒரு மணி நேரம் கொதித்து, வெந்தது போலவும் வேகாதது போலவும் இருந்தது. ஊறப்போட மறந்துவிட்டேன் என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

வெளியே மூட்டம் கலைந்து நிலவு. நெருப்பு மூட்டிச் சுற்றி உட்காரலாமா என்றாள் மகள். கூடாது என்றார் அண்ணன். வறட்சியில் மானாப்புல் தீப்பிடித்தால் மலை முழுவதும் போகும். இஸ்தோப்பில் கம்பளிக்குள் மூன்று பேரும் அடங்கி உட்கார்ந்தோம். 2 கிலோ 300 கிராம்.

பெப்ரவரி 24, சனி, இரண்டாம் நாள்

விடியலில் என் சிறிய வெப்பமானியில் 5 பாகை. தகரக் கூரை சுருங்கிச் சுருங்கி இரவெல்லாம் சொடக்கு விட்டது. மகள் தூங்கவில்லை. நான் நன்றாகத் தூங்கினேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

ஹோட்டன் சமவெளியின் விளிம்பில் உள்ள ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஒன்பது மணிக்கு முன் அங்கே நிற்க வேண்டும், பிறகு கீழிருந்து மேகம் ஏறி மூடிவிடும். ஒஹியா நிலையத்திலிருந்து சமவெளியின் நடுவில் உள்ள பழைய ஃபார் விடுதி வரை 11 கிலோமீற்றர் ஏற்றம். இருட்டில் நடந்தே போகலாம் என்பது என் தாளின் திட்டம். அண்ணன் தாளைப் பார்க்கவே இல்லை. ஐந்து மணிக்குச் சாலையில் முச்சக்கரவண்டி நிற்கும்படி நேற்றே பாறையில் ஏறிச் சொல்லி வைத்திருந்தார். காட்டுச் சாலையில் வண்டி வெளிச்சத்தில் மரைகள். ஒரு கிளைக் கொம்பன் சாலை நடுவில் நின்று எங்களைப் பார்த்து, யோசித்து, பிறகுதான் ஒதுங்கியது.

வாயிலில் பைகளைச் சோதிக்கிறார்கள். பொலித்தீன் உள்ளே போகக் கூடாது, தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் தாளைக்கூட உரித்துவிடுகிறார்கள். இதை முன்பே விசாரித்து, எல்லாவற்றையும் கடதாசியிலும் டப்பாவிலும் கட்டியிருந்தேன். என் திட்டத்தில் பிழையில்லாமல் நடந்த ஒரே பகுதி இது, ஆகவே பதிவு செய்கிறேன்.

இந்தச் சமவெளிக்கு மஹ எலிய என்று சிங்களத்தில் பெயர். 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோட்டனின் பெயரை வெள்ளைக்காரர்கள் வைத்தார்கள். 1988இல் தேசியப் பூங்காவானது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் ஊற்று இங்கே. புல்வெளி, நடுவில் ஓடை, சுற்றிக் குட்டை மரக் காடு. பனி வெளுப்பாகப் புல்நுனியில் இருந்தது, வெயில் பட்டதும் இல்லை. மகள் தொட்டுப் பார்க்கக் குனிவதற்குள் பாதி போய்விட்டது.

7.45க்கு உலக முடிவு. ஏறக்குறைய 870 மீற்றர் நேர்ப் பள்ளம். எங்களுக்கு முன்பே பத்திருபது பேர் இருந்தார்கள், படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மலை, மலைக்குப் பின்னால் மலை, தூரத்தில் நீர்த்தேக்கம் ஒன்றின் மினுக்கம். ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நேர் கீழே பார்த்தேன். பச்சைக்கு நடுவில் தகரக் கூரைகள், கோடு போட்டது போல வரிசையாக. மெல்லிய புகை. பெரட்டு முடிந்து மலைக்குப் போகிற நேரம்.

“மாமா, அது லயமா?” என்றாள் மகள். தம்பி ஆமாம் என்றான். “அவர்கள் மேலே பார்த்தால் நாம் தெரிவோமா?”

தெரிய மாட்டோம் என்றான். எனக்கு அந்தக் கேள்வி நாள் முழுவதும் கூடவே வந்தது. அம்மா கொழுந்து பறித்த மலைக்கு மேலும் ஒரு பாறை இருந்தது. அங்கே யார் ஏறி நின்று எங்களைப் பார்த்தார்களோ.

8.50க்கு மேகம் வந்தது. பள்ளத்தின் விளிம்பில் முதலில் கைக்குட்டை அளவு, பத்து நிமிடத்தில் வெள்ளைச் சுவர். அப்போதுதான் வந்து சேர்ந்த ஒரு பெரிய குடும்பம் சுவரின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி. சாமுவேல் பேக்கர் என்ற வேட்டைக்காரரின் பெயர். மூட்டத்தில் சத்தம் நன்றாகக் கேட்டது. முழுச் சுற்றும் 9 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், எங்களுக்கு நாலரை மணி நேரம்.

மாலையில் தாளை எடுக்கவில்லை. இஸ்தோப்பில் சும்மா உட்கார்ந்திருந்தோம். பகல் வெளிச்சத்தில் இஸ்தோப்பில் சும்மா உட்காருவது எனக்குப் பழக்கமில்லை. யாராவது கூப்பிட்டுத் தண்ணீர் எடுத்து வா என்பார்கள் போலவே இருந்தது. ஆறு மணிக்கு அண்ணன் பாறைக்கு ஏறினார், மகளும் கூடப் போனாள். இறங்கி வந்து, மார்ச்சில் எட்டுப் பேர் வருகிறார்களாம், கழிவறை எவ்வளவு தூரம் என்று கேட்டிருக்கிறார்கள் என்றாள். என்ன பதில் அனுப்பினார்? “அதையேதான்.”

பெப்ரவரி 25, ஞாயிறு, மூன்றாம் நாள். அப்புத்தளை

குப்பையைக் கட்டிச் சுமந்துகொண்டு ஆறரைக்குக் கிளம்பினோம். வந்த வழியில் திரும்பாமல் உடவேரிய தோட்டம் வழியாகப் பம்பரகந்தவுக்கு இறங்கும் பாதை. சாத்தானின் படிக்கட்டு என்று வெள்ளைக்காரப் பெயர் உண்டு. முழங்காலை வைத்துப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான். வளைவுக்கு மேல் வளைவு. ஏறும்போது மூச்சுதான் போகும், இறங்கும்போது கால் பெருவிரலில் நகம் போகும். இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. நடைக் காலணி வாங்குகிறவர்கள் அரை அளவு பெரிதாக வாங்குங்கள்.

உடவேரியவில் கொழுந்துக்காரர்கள் யாரும் இல்லை, ஞாயிறு. பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா எங்கள் பைகளைப் பார்த்து, எங்கேயிருந்து என்றார். மேலே லயத்தில் தங்கிவிட்டு வருகிறோம் என்றேன். “யார் வீட்டில்?” என்றார். பதில் சொல்ல எனக்கு நேரமெடுத்தது.

பைன் மரங்களைத் தாண்டிப் பம்பரகந்த. 263 மீற்றர், நாட்டின் உயரமான நீர்வீழ்ச்சி. மாசி வறட்சியில் பாறையில் ஒரு நூல் தொங்கியது. கொட்டுகிற அருவி வேண்டுமென்றால் மழை முடிந்து வர வேண்டும். அப்போது உலக முடிவு தெரியாது, அட்டை உங்களைத் தேடி வரும். எதையாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் நாள் குறிக்க முடியும். களுபஹனச் சந்தியில் இரண்டரைக்கு பஸ், அப்புத்தளையில் இப்போது ரயிலுக்குக் காத்திருக்கிறோம். சட்டை, தலைமுடி, நோட்டு எல்லாம் புகை வாசம்.

சிக்னல் வந்ததும் அம்மாவை அழைத்தேன். உலக முடிவைப் பற்றிச் சொன்னேன், உம் கொட்டினார். மரை, பனி, பம்பரகந்த, எல்லாவற்றுக்கும் உம். பிறகு, “அடுப்பு கதவுக்கு எந்தப் பக்கம் இருந்தது?” என்றார்.

எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டு இரவு அதன் முன்னால் உட்கார்ந்து ஊதியிருக்கிறேன். மகள் கைப்பேசியை வாங்கி, “கதவுக்கு எதிர் மூலையில், அம்மாயி. அந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது” என்றாள்.

“அப்படியென்றால் புகை வெளியே போகாதே. கண் எரிந்திருக்குமே?”

“எரிந்தது” என்றாள் மகள்.